மட்டிக்கு ஏன் அத்தானைப் பிடிக்கல: ஒரு காக்டெயில் கிளி கேஸ், முதல்ல இருந்து

இது எங்க அக்கா வீட்டுக் கேஸ். குலசேகரத்துக்குப் பக்கத்துல, ரப்பர் மரத்துக்கு நடுவுல இருக்கிற ஓட்டு வீடு. போன வருஷம் அக்டோபர் 5ஆம் தேதி ஒரு காக்டெயில், அதாவது தலையில கொண்டை உள்ள சின்னக் கிளி, வாங்கினாங்க. மூணு வாரத்துக்குள்ள அது ரெண்டு பேரைக் கடிச்சு, ராத்திரி கூண்டுக்குள்ள உருண்டு பிரண்டு ரத்தம் சிந்தி, வீட்டுல ஒருத்தரை மட்டும் கண்டா பாம்பு மாதிரி சீற ஆரம்பிச்சு, "கடையிலயே திருப்பிக் குடுத்துருவோம்"ங்கிற அளவுக்குப் போயிருச்சு. நான் நாகர்கோவில்ல 9 வருஷமா காக்டெயில் வளக்கேன், அதனால போன் எனக்குத்தான் வந்துச்சு. நான் போன்லயே மூணு தடவை தப்பா சொன்னேன், அதையும் மறைக்காம எழுதறேன்.

முதல்ல அக்காவோட மாமியார் கேட்டது பச்சைக்கிளி. அவங்க சின்ன வயசுல வீட்டுத் திண்ணையில ஒண்ணு இருந்துச்சாம், "அக்கா வா"ன்னு கூப்பிடுமாம். அதெல்லாம் இப்ப ஆகாது, நம்ம ஊர் பச்சைக்கிளி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற பறவை, கூண்டுல வச்சா கேஸ்னு சொல்லி நிறுத்தினேன். அப்புறம் அக்கா மகள் சன் கனூர்ங்கிற வெளிநாட்டுக் கிளி கேட்டா, அது வாங்கினா ஒன்றிய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும், அதோட சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம வீட்டுப் பேரையே மாத்திருவாங்க. காக்டெயிலுக்கு அந்தப் பதிவு வேலை கிடையாது. ஆஸ்திரேலியாவுல வறண்ட பகுதியில கூட்டமா சுத்துற பறவை, வளர்ந்தது 80ல இருந்து 100 கிராம்தான் இருக்கும், நல்லா வச்சா 15, 20 வருஷம் கூட இருக்கும்.

வாங்கினது லுட்டினோங்கிற நிற வகை. உடம்பு வெள்ளை கலந்த மஞ்சள், கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. மட்டி வாழைப்பழம் உரிச்சு வச்ச மாதிரி இருக்குன்னு பாட்டி சொன்னதால பேரு மட்டி. கடைக்காரர் 4 மாசக் குஞ்சு, கைப்பழக்கம்னு சொல்லித்தான் குடுத்தாரு. கைப்பழக்கம் அந்தக் கைக்குத்தான், நம்ம கை அதுக்குப் புதுசுங்கிறது வாங்குற அன்னைக்கு யாருக்கும் தோணாது.

கூண்டை முன்னறையில, முற்றத்தைப் பாத்த ஜன்னலை ஒட்டி வச்சாங்க. காத்து வரும், வெளிச்சம் வரும், பறவைக்கு வேடிக்கையா இருக்கும்னு. இந்த ஜன்னலை ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் நாளே அது சொல்லியாச்சு

முதல் நாள் அக்கா அனுப்பின போட்டோவுல பறவை கம்புல நெட்டுக்குத்தா நின்னுச்சு, கொண்டை ஆன்டெனா மாதிரி நேரா மேல. கீழ அக்கா எழுதியிருந்தது "எம்புட்டு கம்பீரமா நிக்குது பாரு." நானும் போட்டோவைச் சரியா பெருசாக்கிப் பாக்காம "ஆமாக்கா, கொண்டை நிமிர்ந்தா ஆர்வம்"னு பதில் போட்டேன். தப்பு நம்பர் ஒண்ணு.

கொண்டை நேரா நிக்கறதுக்கு "என்ன அது?"ன்னு ஒரு அர்த்தம் உண்டுதான். ஆனா அதே நேரம் உடம்பு எப்படி இருக்குன்னு பாக்கணும். உடம்பு இறகெல்லாம் தோலோட ஒட்டி, பறவை பாதியா மெலிஞ்சு, பென்சில் சீவி வச்ச மாதிரி ஒல்லியா, அசையாம நின்னா அது கம்பீரம் இல்ல, பயத்துல உறைஞ்சு போயி நிக்குது. பருந்து தலைக்கு மேல சுத்தும்போது காட்டுல எப்படி நிக்குமோ அப்படி. மட்டி அன்னைக்கு அப்படித்தான் நின்னுச்சு, அதுவும் கூண்டுல மனுஷங்க இல்லாத மூலையில, கம்போட ஒரே ஓரத்துல. கூண்டைச் சுத்தி 5 முகம். நம்ம கண்ணு ரெண்டும் முன்னாடி பாத்து இருக்கு, பூனைக்கும் பருந்துக்கும் அப்படித்தான். கிளிக்கு கண்ணு பக்கவாட்டுல, அது இரையா இருந்து பழகின ஜாதி. அஞ்சு பேரு அன்பா உத்துப் பாக்கறது அதுக்கு அன்பாத் தெரியாது.

காக்டெயில் வாங்கினவங்க எல்லாரும் வீடியோ பாத்துட்டு "கண்ணு பாப்பா சுருங்கி விரியுதா"ன்னு தேடுவாங்க. அது ஆப்பிரிக்கன் க்ரே, அமேசான் மாதிரி பெரிய கிளிங்ககிட்ட நல்லாத் தெரியும். காக்டெயில்கிட்ட அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம், அதுக்குத்தான் தலையிலயே கொடி கட்டி விட்டிருக்கே. கொண்டை பாதி சாஞ்சு, நுனி மட்டும் லேசா தூக்கிட்டு இருந்தா நிம்மதி. நேரா நின்னா திடுக்கிட்டிருக்கு, இல்ல கவனிக்குது. மண்டையோட ஒட்டி பின்னால படுத்துருச்சுன்னா கையை எடு. படுத்த கொண்டையோட வாயைத் திறந்து "ஸ்ஸ்"னு சீறுச்சுன்னா அதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

நாலு செகண்ட்

6ஆம் நாள் அக்கா மகளைக் கடிச்சுது. ஏழாங்கிளாஸ் படிக்கா, பறவை அவளுக்குன்னு வாங்கினது, அதனால அழுகை கையில வலியால இல்ல. "சும்மா இருந்த பறவை திடீர்னு கடிச்சுட்டு மாமா"ன்னா. அதிர்ஷ்டம், அக்கா அதை போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தா. அனுப்பச் சொல்லி வேகத்தைக் குறைச்சு ஓட்டிப் பாத்தேன். ஒரு பத்து தடவையாவது பாத்திருப்பேன்.

விரல் கூண்டு வாசல் வழியா மேல இருந்து இறங்குது. பறவை கால் அசையாம உடம்பை மட்டும் பின்னால சாய்க்குது. விரல் நிக்கல. கம்புல ஒரு எட்டு பக்கவாட்டுல தள்ளுது, ஒரு கால் விரலுக்குப் பதிலா மறு கால் விரல், அவ்வளவுதான், ஒரு இஞ்ச் கூட இருக்காது. விரல் அந்தப் பக்கமே திரும்புது. கொண்டை நேரா எழும்புது, உடம்பு ஒல்லியாகுது. விரல் வருது. கொண்டை படார்னு படுக்குது, வாய் திறக்குது. விரல் வருது. தலையை முன்னால வெட்டி கடிக்கிற மாதிரி ஒரு பாவலா, அலகு விரல்ல படவே இல்ல. பின்னணியில அக்கா குரல், "ஒண்ணும் செய்யாது, நீ பயப்படாத மக்களே." அதுக்கப்புறம்தான் கடி.

இதெல்லாம் நாலு செகண்டுக்குள்ள. நாலு செகண்ட்ல அஞ்சு தடவை வேண்டாம்னு சொல்லிருக்கு, நாம கேட்டது ஆறாவதை மட்டும், அதுக்குப் பேரு திடீர்னு. ரெண்டு நாள் கழிச்சு அக்கா கையிலயும் ஒரு கடி விழுந்துச்சு, அதுக்கு வீடியோ இல்ல, கதை இதேதான் இருந்திருக்கும்.

பிள்ளைகிட்ட அந்த வீடியோவை மறுபடி காட்டி, முதல் "வேண்டாம்" எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். மூணாவது தடவையில பின்னால சாயறதைக் கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் அவளுக்குச் சொன்னது இதுதான்: கையை மேல இருந்து கொண்டு போகாத, அதோட நெஞ்சு உயரத்துக்குக் கீழ கொண்டு போ, கையில தினைக் கதிர் வச்சுக்கோ, அது சாய்ஞ்ச உடனே நீயும் நில்லு, நின்ன இடத்துல இருந்து ஒரு சாண் பின்னால எடு. பறவை கடிச்சு உன்னை விரட்ட வேண்டாம், சாஞ்சாலே நீ போயிருவன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும். பிள்ளைங்களுக்கு இது சீக்கிரம் வரும். பெரியவங்களுக்குத்தான் ஒரு பறவைகிட்ட தோத்துப் போன மாதிரி இருக்கும்.

ஒரு வாரத்துல அவ கையில இருந்து தினை தின்னுச்சு. கேஸ் முடிஞ்சுன்னு நினைச்சேன்.

ராத்திரி

அதுக்குள்ளயே இன்னொரு பக்கம் வேற ஓடிட்டு இருந்துச்சு. 8ஆம் தேதி விடியாத நேரம் கூண்டுக்குள்ள பயங்கரமா படபடன்னு சத்தம், அக்கா ஓடிப்போய் லைட்டைப் போட்டா பறவை கூண்டு அடியில, இறக்கையை விரிச்சுட்டு மூச்சு வாங்கிட்டுக் கிடக்கு. 10ஆம் தேதி மறுபடி. இது எனக்குத் தெரிஞ்ச விஷயம், காக்டெயிலுக்கு ராத்திரி திடுக்கிடல் உண்டு, இருட்டுல ஏதாவது ஒண்ணு பயமுறுத்துச்சுன்னா எந்தப் பக்கம் பறக்கறதுன்னு தெரியாம கம்பியில மோதிக்கும். லுட்டினோவுக்கு அது கொஞ்சம் கூடுதல்னு வளக்கறவங்க சொல்லுவாங்க. அப்படி நடந்தா கையை உள்ள விட்டுப் பிடிக்கப் போகக்கூடாது, மெல்லிசா வெளிச்சம் போட்டு, தள்ளி நின்னு பழகின குரல்ல பேசிட்டே இருந்தா அதுவா கம்புல ஏறும். அதைச் சொல்லிட்டு, "எலியா இருக்கும், பொறி வைங்க"ன்னேன். தப்பு நம்பர் ரெண்டு. பொறியில ரெண்டு எலி விழுந்துச்சு, அதுதான் வேதனை, ஏன்னா எல்லாரும் என்னை நம்பிட்டாங்க.

12, 16, 18. நிக்கல. பாட்டி உப்பும் வத்தல் மிளகாயும் சுத்திப் போட்டாங்க. நல்லவேளை அடுப்புல போடறதுக்கு முன்னாடி பிள்ளை தடுத்துட்டா, வத்தல் புகைக்கு நாமளே இருமிச் சாவோம், பறவை நுரையீரலுக்கு அது தாங்காது. பின் திண்ணைக்குக் கூண்டை மாத்தலாம்னு அக்கா கேட்டப்பவும் அதனாலதான் வேண்டாம்னேன், அந்தப் பக்கம் ரப்பர் ஷீட் உணத்துற புகைப்புரை.

18ஆம் தேதி காலையில சுவர்ல ரத்தம். முளைச்சுட்டு இருக்கிற இறகுக்குள்ள ரத்தம் ஓடும், அந்தக் குருத்து ஒடிஞ்சா பாக்க கொலை நடந்த மாதிரி இருக்கும். துண்டால பொதிஞ்சு பிடிச்சு, கார்ன் ஃப்ளார் மாவை ஒடிஞ்ச இடத்துல அப்பி சுத்தமான துணியால கொஞ்ச நேரம் அழுத்தச் சொன்னேன், நின்னுருச்சு. நிக்கலன்னா உடனே டாக்டர்தான், அந்தச் சின்ன உடம்புல விட்டுக்குடுக்க ரத்தம் ஏது.

இதோட பகல்லயும் ஆள் சரியில்ல. அக்கா சொன்னது "குளிருது போல, பொம்முன்னு உக்காந்துருக்கு." கிளி இறகை உப்பிட்டு உக்கார்றதுல மூணு நாலு விஷயம் இருக்கு. தூங்கப் போறப்ப, கோதி முடிச்சு ஒரு உதறு உதறறதுக்கு முன்னாடி, குளிருக்கு, எல்லாம் நல்ல உப்பல். ஒரு காலைத் தூக்கி வயித்துக்குள்ள வச்சுட்டு உப்பியிருந்தா கவலையே வேண்டாம். ஆனா பட்டப்பகல்ல, ரெண்டு காலையும் ஊனி, கண்ணு பாதி மூடி, தட்டுல இரை இருந்தும் பாக்காம உப்பியிருந்தா அது வேற. நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கிற ஜாதி இது, கூட்டத்துல சீக்குப் பறவையைத்தான் பருந்து முதல்ல எடுக்கும். வெளிய தெரியுற அளவுக்கு ஆகிருச்சுன்னா நாள் எண்ணிட்டு இருக்கக் கூடாது. வால் மூச்சுக்கு மூச்சு மேலயும் கீழயும் பம்ப் அடிக்குதான்னு பாக்கச் சொன்னேன், இல்ல. சமையல் தராசுல எடை, வந்த அன்னைக்கு 84 கிராம், இப்ப 78. பத்துல ஒரு பங்கு குறையற வரைக்கும் காத்திருக்க நான் தயாரில்ல, 19ஆம் தேதி நாகர்கோவிலுக்குக் கொண்டு வரச் சொல்லி டாக்டர்கிட்ட காட்டினோம். எச்சம், மூக்கு, நெஞ்சு எலும்பு எல்லாம் பாத்துட்டு நோய் ஒண்ணும் இல்ல, தூங்குதான்னு கேட்டாரு. தூங்கல. ராத்திரி 10, 12 மணி நேரம் தூங்க வேண்டிய பறவை, முன்னறையில டிவி 11 மணி வரைக்கும் ஓடுது, விடியக்காலம் இந்தக் கலாட்டா.

அத்தான்

இதுக்கு நடுவுல அத்தான் விவகாரம். அக்காவைக் கடிக்கிறதை விட்டுச்சு, பிள்ளை கையில தின்னுது, பாட்டி பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சா கம்போட இந்தப் பக்கம் வந்து பாக்குது. அத்தான் காலையில உள்ள நுழைஞ்சா மட்டும் கொண்டை படுத்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி சீறுது. அவரு ஒரு நாள் கூட அதைத் தொட்டதில்ல. "நான் என்ன மாப்பிளே செஞ்சேன் அதுக்கு? என்னைக் கண்டா மட்டும் எதுக்கு சீறுது?" போன்ல சிரிச்சுட்டேதான் கேட்டாரு, சிரிப்பு அல்ல அது. அக்கா வேற "பறவைக்குத் தெரியுது ஆளு யாருன்னு"ன்னு சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கா. நான் எடுத்துச் சொன்னது, "சில பறவைக்கு ஆம்பளைக் குரல் ஆகாது அத்தான்." தப்பு நம்பர் மூணு. இது பறவை வளக்கிற எங்க கூட்டத்துல எல்லாரும் சொல்ற வார்த்தைதான், காரணம் தெரியாதப்ப சொல்றது. பறவைக்கு ஆள் பிடிக்கலன்னு சொன்னா யோசிக்கிற வேலை மிச்சம்.

நல்ல காரியமா ஒண்ணு செஞ்சிருந்தேன். 9ஆம் தேதியே பிள்ளைகிட்ட ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தேன். ராத்திரி நடந்தா தேதி, மழை உண்டா இல்லையா, காலை எடை, யாரு வந்தப்ப என்ன செஞ்சுது. 26ஆம் தேதி சாயங்காலம் நான் போனப்ப அந்த நோட்டு முழுசா இருந்துச்சு. கலங்கின தேதிகள்: 8, 10, 12, 16, 18, 20, 25.

பாட்டி சொன்னது, "ஒண்ணுவிட்டு ஒருநாள் வருது மக்களே, எரட்டைப்படை நாளாக்கும் அதுக்கு." பேய்தான் அவங்க கணக்கு. 14 ஏன் வரலன்னா அன்னைக்கு விளக்கு போட்டாங்களாம், 25 எப்படி வந்துச்சுன்னா பதில் இல்ல. நான் பாத்தது மழை. 13ல இருந்து 15 வரைக்கும் மழை, 21ல இருந்து 24 வரைக்கும் நல்ல மழை. இடி, ஓட்டு மேல விழுற சத்தம், தென்னை மட்டை விழுறது, பறவை பயப்பட வேண்டியது அந்த ராத்திரிங்கதான். ஆனா மழை பெஞ்ச ஒரு ராத்திரி கூட கலங்கல. மழை இல்லாத ராத்திரிதான் பிரச்சினை. என் மூளை அப்பவும் எலியை விடல, மழைக்கு எலி வெளிய வராது, அப்ப இன்னும் ஒரு எலி பாக்கி இருக்குன்னு, அதைப் பிடிச்சே தீரணும்னு அன்னைக்கு ராத்திரி முன்னறையில பாய் போட்டுப் படுத்தேன்.

மூணு மணி சுமாருக்கு பின்பக்கம் தகரக் கதவு சத்தம். அத்தான் எழும்பிட்டாரு. பறவை ஒரு கால்ல நின்னு, தலையைப் பின்னால முதுகு இறகுக்குள்ள சொருகி நல்லா உறங்குது. சத்தத்துக்கு அசையல. அத்தான் போறது முற்றத்தைச் சுத்தி வந்து, ஜன்னல் பக்கமா நடந்து தோட்டத்துக்குப் போற பாதை. செருப்புச் சத்தம் கேட்டுச்சு, அதுக்கும் அசையல. அப்புறம் ஜன்னல்ல வெளிச்சம் வந்துச்சு.

நெத்தியில ஹெட்லைட். ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க எல்லாரும் கட்டறது, வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டினாத்தான் பால் நல்லா ஓடும், அதனால இருட்டுலயே போயிருவாங்க. அவரு கத்தியைப் பாத்துட்டு தலையைத் திருப்பினாரு, அவ்வளவுதான். வெளிச்சம் ஜன்னல் வழியா வந்து கூண்டு மேல அடிச்சு, எதிர் சுவர்ல கூண்டுக் கம்பியோட நிழல் ஒவ்வொண்ணும் என் கை தண்டிக்கு, அது சுவர்ல சரசரன்னு நகருது. நகரும்போதே நீளுது. பாயில படுத்துக் கிடந்த எனக்கே ஒரு நொடி திக்குன்னுச்சு. மட்டி கண்ணைத் திறந்திருக்கும், திறந்ததும் இதைத்தான் பாத்திருக்கும், நான் எழும்பறதுக்குள்ள அது கூண்டு அடியில கிடந்துச்சு.

எலியும் இல்ல, பேயும் இல்ல. அடுக்களையில மாட்டியிருந்த காலண்டரை எடுத்துட்டு வரச் சொன்னேன். அத்தான் பால் வெட்டின நாளுக்கெல்லாம் அதுல பேனாவால கோடு போடுவாரு, எத்தனை ஷீட்டுன்னு எழுதுவாரு. அவரு ரப்பரை தினமும் வெட்டமாட்டாரு, பட்டை ஆறணும், ஒண்ணுவிட்டு ஒருநாள்தான். மழை பெஞ்சா வெட்டு இல்ல, பட்டை நனைஞ்சு பால் சிரட்டையில விழாம வழிஞ்சு போயிரும், இந்த வருஷம் அவரு மரத்துக்கு மழை பிளாஸ்டிக்கும் கட்டல. காலண்டர்ல கோடு: 8, 10, 12, 16, 18, 20, 25. அன்னைக்கு 27. பாட்டி சொன்ன ஒண்ணுவிட்டு ஒருநாள் சரிதான், ஆள்தான் மாறிப்போச்சு. அவங்ககிட்ட அதைச் சொன்னப்ப "நான் அப்பவே சொன்னேன்லா"ன்னாங்க.

காலையில 7 மணிக்கு அத்தான் திரும்பி வந்தாரு. ஹெட்லைட் அணைச்சு நெத்தியிலயே இருந்துச்சு. மட்டி சீறுச்சு. சாயங்காலம் குளிச்சுட்டு, தலையில ஒண்ணும் இல்லாம, அதே ஆள் கூண்டுக்கு ரெண்டடி தள்ளி உக்காந்து டீ குடிச்சாரு, கொண்டை பாதி சாய்வு, இறகைக் கோதிட்டு இருக்கு. நோட்டைப் பின்னால புரட்டினா பிள்ளை அதையும் எழுதித்தான் வச்சிருக்கா, "சாயங்காலம் அப்பா வந்தாங்க, சும்மா இருந்தது"ன்னு நாலு இடத்துல. அத்தானைப் பிடிக்கலங்கிறது வீட்டுல முடிவாகிட்டதால யாரும் அதைப் படிக்கல, நானும்தான்.

சந்தேகம் தீர ஒரு வேலை செஞ்சேன், அதை நீங்க செய்யாதீங்க, எனக்கே அப்புறம் ஒரு மாதிரி ஆயிருச்சு. பிள்ளையை அந்த ஹெட்லைட்டை எரிய விடாம நெத்தியில கட்டிட்டு வாசல்ல வந்து நிக்கச் சொன்னேன். முந்தின நாள் வரைக்கும் அவ கையில தினை தின்ன பறவை, அவளைக் கண்டதும் பென்சில் ஆச்சு, கொண்டை படுத்து சீறுச்சு. அவ உடனே கழட்டி வீசிட்டா. அத்தான் அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, முகத்துல பெரிய பாரம் இறங்கினது தெரிஞ்சுது.

அப்புறம் செஞ்சது

கூண்டை அன்னைக்கே உள்ளறைக்கு மாத்தினோம், ரெண்டு பக்கம் சுவர், ஜன்னல் கண்ணுக்குப் படாது. சாயங்காலம் ஏழரைக்கு மூணு பக்கமும் பருத்தித் துணி போர்த்தி, முன்பக்கம் திறந்து, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. முழு இருட்டு வேண்டாம், திடுக்கிட்டு முழிச்சா கம்பு எங்க இருக்குன்னு தெரியணும். ஹெட்லைட்டை அத்தான் வீட்டுக்குள்ள கொண்டு வரல, கிணத்துப் பக்கம் ஒரு ஆணி அடிச்சு அதுல மாட்டிட்டாரு, போகும்போது அங்க போய்த்தான் கட்டறது.

29ஆம் தேதி வெட்டு, கலங்கல. 31, கலங்கல. 30ஆம் தேதி ராத்திரி அக்கா போன், "லேய், இது உறக்கத்துல பல்லைக் கடிக்குது, நறநறன்னு சத்தம் கேக்கு, வயித்துல பூச்சி இருக்கும், பிள்ளைங்களுக்குக் குடுக்கிற மருந்துல கொஞ்சம் குடுக்கட்டா?" நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுல லைட் எரிஞ்சுது. கிளி தூங்கறதுக்கு முன்னாடி மேல் அலகையும் கீழ் அலகையும் ஒண்ணோட ஒண்ணு உரசும், நிம்மதியா இருந்தாத்தான் உரசும். வந்து 25 நாள் கழிச்சு அன்னைக்குத்தான் அந்த வீட்டுல அந்தச் சத்தம் கேட்டிருக்கு. நவம்பர் முதல் வாரம் எடை 86. நவம்பர்ல ஒரே ஒரு தடவை கலங்குச்சு, அது பக்கத்துல இடி விழுந்த ராத்திரி, அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்.

ஹெட்லைட் பயத்தையும் மெல்ல எடுத்தோம். அவசரமே படல. கூண்டு கண்ணுக்குத் தெரியுற கடைசி மூலையில ஸ்டூல் மேல லைட்டை வைக்கிறது, அணைச்சபடி, மட்டி பாக்கும், கொண்டை எழும்பும், உடம்பு ஒல்லியாகாம இருக்கிற தூரம் எதுவோ அதுதான் அன்னைக்கு இடம். அங்க லைட் இருக்கிற வரைக்கும் தினைக் கதிர் கிடைக்கும், லைட் போனா கதிரும் போயிரும். ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை ஸ்டூல் ஒரு அடி கிட்ட வரும். பிள்ளை ஒரு நாள் அவசரப்பட்டு மூணு அடி கொண்டு வந்துட்டா, அன்னைக்கு கதிரைத் தொடவே இல்ல, திரும்ப பழைய இடத்துக்குப் போய் ஆரம்பிச்சோம். டிசம்பர் கடைசியில மூணு அடி தூரத்துல லைட்டை வச்சுக்கிட்டே தின்னுச்சு. யாராவது நெத்தியில கட்டினா இப்பவும் பின்னால சாயும். சாயட்டும், வீட்டுக்குள்ள அதைக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்ல.

கணவாய் ஓடு ஒண்ணு குளச்சல்ல இருந்து அத்தானே வாங்கிட்டு வந்து கழுவி வெயில்ல காயப்போட்டு கூண்டுல கட்டினாரு, கால்சியத்துக்கு நல்லது, மட்டிக்கு அதைத் தூள் தூளாக்கி கீழ சிந்தறதுதான் பிடிச்சிருக்கு. ஜனவரியில ஒரு நாள் அவரு கூண்டு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கும்போது அது கம்போட ஓரத்துக்கு வந்து, தலையைக் குனிஞ்சு, பிடரி இறகையெல்லாம் சிலுப்பிட்டு அப்படியே நின்னுச்சாம். "முட்ட வருது"ன்னு அவரு கையை இழுத்துட்டாரு. ஒல்லியான உடம்பு இல்ல, வாய் திறக்கல, சீறல, கண்ணு பாதி மூடியிருக்கு. பிள்ளைதான் சொல்லிக் குடுத்திருக்கா, "முட்டல்லப்பா, சொறிஞ்சு விடச் சொல்லுது, கழுத்துல மட்டும், முதுகுல போகாதீங்க."

நோட்டுல அன்னைக்கு தேதி போட்டு அவ எழுதியிருக்கிறது: எடை 88. அப்பா சொறிஞ்சாங்க, ரெண்டு நிமிஷம். நிறுத்தினதும் கடிச்சுது.